நாலாம் வகுப்புப் பிள்ளை ஏன் ஒரு இடத்தில் உட்கார மாட்டேங்குது?



அன்று கூட்டமைப்புக் கூட்டம். சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்துவிட்டோம். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் நேரம். ஆலங்காயம் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா எழுந்தார்.

"என் மருமக சாயங்காலத்துல பசங்களுக்குப் பாடம் சொல்லித் தருது. ஒரு வாரந்தான் ஆச்சு. தெனம் அழுதுகினு வருது. ஒண்ணாவது ரெண்டாவது பசங்க சொன்னா கேக்குதுங்க. இந்த நாலாவது படிக்கிறதுங்கதான் ஆட்டி வைக்குதுங்க. போதும்மா, நிறுத்திடுன்னு சொல்லிடட்டுமா?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் சிரித்து முடித்ததும் ஒவ்வொருவராக, "என் வீட்டு நாலாவதும் அப்படித்தான்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அன்றைக்குக் கூட்டம் முடிய ஒரு மணி நேரம் தாமதம் ஆனது. அந்தப் பேச்சும், அதற்குப் பிறகு நாங்கள் நேரில் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

இது நடந்தது 2021-ஆம் ஆண்டின் கடைசியில். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. விட்டுப்போன படிப்பைப் பிடிக்க, தமிழக அரசு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. மாலையில் ஊருக்குள்ளேயே வகுப்பு. பாடம் சொல்லித் தருவது அந்த ஊர்த் தன்னார்வலர்கள். இப்படி நம் உறுப்பினர்களின் மகள்களும் மருமகள்களும் நிறையப் பேர் முதன்முதலாக 'டீச்சர்' ஆனார்கள். பிளஸ் டூ படித்திருந்தார்கள், டிகிரி படித்திருந்தார்கள். ஆனால் ஒன்பது வயசுப் பிள்ளையின் மனசு எப்படி இருக்கும் என்று யாரும் அவர்களுக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை.

அந்த மாலை வகுப்பில் நாங்கள் பார்த்தது

நாங்கள் இரண்டு பேர் அந்த வகுப்புக்குப் போய்த் திண்ணை ஓரமாக உட்கார்ந்தோம். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர். "அக்கா, இவன் என் பென்சிலை எடுத்துட்டான்." "அக்கா, அவ என்னைப் பாத்து மொறைக்கறா." "அக்கா, அவனுக்கு மட்டும் ரெண்டு தடவ சான்ஸ் குடுத்தீங்க." பத்து நிமிஷத்தில் இப்படி ஏழெட்டுப் புகார்.

ஒரு பையன் மட்டும் புகார் சொல்லவில்லை. அவன் அடிக்கடி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். "எப்பப் பாரு தண்ணி, தண்ணி! உக்காருடா" என்று டீச்சர் கத்தினார். நாங்கள் ஓரமாக இருந்ததால் ஒன்று கண்ணில் பட்டது. வரிசையாக ஒவ்வொரு பிள்ளையாக வாசித்து, அவன் முறை நெருங்கும்போதுதான் அவனுக்குத் தாகம் எடுத்தது. அவனுக்கு வாசிக்க வரவில்லை. அது மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. அதற்குத்தான் தண்ணீர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது அவன் இரண்டாம் வகுப்பு. திறந்தபோது நாலாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பு என்ற ஒன்றை அவன் பார்க்கவே இல்லை. அப்பா அம்மா வெளியூரில் வேலை. அவன் ஆயாவோடு இருந்து ஆடு மேய்த்தான். வகுப்பில் உட்கார வைத்ததும் நாலாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்து 'வாசி' என்றால் என்ன செய்வான்?

குறும்பு என்று நாம் நினைப்பதில் பாதி, பிள்ளை எதையோ மறைப்பதுதான். அல்லது எதையோ சொல்ல வருவதுதான். இதைத்தான் புது டீச்சரும் அம்மாவும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாலாம் வகுப்பு ஏன் ஒரு திருப்பம்?

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்கிறது. நாலாம் வகுப்பிலிருந்து, வாசித்து அதன் மூலமாக மற்றதைக் கற்றுக்கொள்ள வேண்டும். அறிவியல், சமூக அறிவியல், கணக்கில் வரும் வாக்கியக் கணக்கு எல்லாவற்றுக்கும் வாசிப்புதான் சாவி. அமெரிக்காவில் ஜீன் சால் என்ற பேராசிரியை 1983-இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் இதை விளக்கியிருக்கிறார். அதுவரை சமாளித்து வந்த பிள்ளைகூட நாலாம் வகுப்பில் திடீரென்று சறுக்குவது உண்டு, அதிலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதிகமாகச் சறுக்குகிறார்கள் என்று அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் கண்டார்கள். சொற்கள் கடினமாகின்றன. வீட்டில் கேட்காத சொற்கள் புத்தகத்தில் வருகின்றன.

நம் பக்கத்தில் இது இன்னும் கூடுதல். ஜவ்வாது மலையில் பேசும் பேச்சு ஒரு மாதிரி, புத்தகத் தமிழ் ஒரு மாதிரி. வாணியம்பாடி, ஆலங்காயம் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை உண்டு, உருது பேசுகிற பிள்ளை உண்டு. அந்தப் பிள்ளை முழிப்பது பாடம் புரியாமல் இல்லை, சொல் புரியாமல். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

தமிழகத்தில் இளம் அம்மாக்களாக இருக்கிற நம்மில் சிலர் 'செயல்வழிக் கற்றல்' காலத்தில் படித்தவர்கள். பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஏணிப்படி பார்த்து அட்டை எடுத்துப் படித்தது ஞாபகம் இருக்கும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் ஆரம்பித்து, 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்தது. ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரைக்கும் அது. யாருக்கு எவ்வளவு வருகிறதோ அங்கிருந்து அவரவர் அட்டை. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் அதே எண்ணம்தான். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துச் சொல்லித் தருவது. முதலில் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை இருந்தது, 2023-24 முதல் 4, 5-ஆம் வகுப்புக்கும் வந்தது. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைவிட, அதற்கு எதுவரை வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

ஒன்பது வயசு மனசு எப்படி இருக்கும்?

1. நியாயம் பார்க்கும். "அவனுக்கு மட்டும் ஏன்?" என்பதுதான் இந்த வயசின் பாட்டு. சுவிட்சர்லாந்தில் பியாஜே என்ற அறிஞர் குழந்தைகளோடு உட்கார்ந்து கோலி விளையாட்டைக் கவனித்தார். "இந்த விதி எங்கிருந்து வந்தது? மாற்றலாமா?" என்று ஒவ்வொரு வயசுப் பிள்ளையிடமும் கேட்டார். 1932-இல் அதைப் புத்தகமாக எழுதினார். சின்னப் பிள்ளை, விதி பெரியவர்கள் போட்டது, மாற்றக் கூடாது என்று சொல்லும். பத்து வயசை ஒட்டி, எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்று சொல்ல ஆரம்பிக்கும். நாலாம் வகுப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதனால்தான் விளையாடுவதைவிட, "அவுட்டா இல்லையா" என்று சண்டை போடும் நேரம் அதிகம். அது வீண் சண்டை இல்லை. சட்டம் எப்படி உண்டாகிறது என்று கற்றுக்கொள்கிறார்கள். நம் குழுவில் தாமதமாக வந்தால் அபராதம் என்று நாமே கூடித் தீர்மானம் போட்டோமே, அதே வேலைதான்.

2. கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரே அளவு தண்ணீரை அகலமான கிண்ணத்திலும் உயரமான டம்ளரிலும் ஊற்றிக் காட்டினால், நாலைந்து வயசுப் பிள்ளை டம்ளரில்தான் அதிகம் என்று சொல்லும். ஒன்பது வயசுப் பிள்ளை சிரிக்கும். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லும். மூளை அவ்வளவு வளர்ந்துவிட்டது. ஆனால் கண்ணால் பார்க்காததை, வெறும் எண்ணாகச் சொன்னால் இன்னும் தடுமாறும். 23-ஐ 4-ஆல் வகு என்று கரும்பலகையில் எழுதினால் விழிக்கிற பிள்ளையிடம், 23 புளியங்கொட்டையைக் கொடுத்து நாலு பேருக்குச் சமமாகப் பங்கு வை என்று சொல்லுங்கள். ஆளுக்கு 5 வைத்துவிட்டு, "மூணு மிச்சம்க்கா" என்று சொல்லும். ஈவு 5, மீதி 3 என்பது அதுதான்.

3. சேர்த்து வைக்கும். இந்த வயசுப் பிள்ளையின் பையைக் கொட்டிப் பாருங்கள். கூழாங்கல், பாட்டில் மூடி, மயிலிறகு, தீப்பெட்டிக்குள் பொன்வண்டு. குப்பை என்று எறியாதீர்கள். அந்தப் பிள்ளை வகை பிரிக்கிறது, எண்ணுகிறது, ஒப்பிடுகிறது. இலை சேர்க்கிற பிள்ளையிடம் பத்து இலை கொண்டுவரச் சொல்லி ஓரம் பார்த்துப் பிரிக்கச் சொன்னால், அறிவியல் பாடம் பாதி முடிந்தது.

4. கூட்டாளிதான் உலகம். அம்மா சொல்வதைவிடக் கூட்டாளி சொல்வது பெரிசு. பெண் பிள்ளைகள் தனியாக, ஆண் பிள்ளைகள் தனியாகச் சேர்வார்கள். ரகசியம் பேசுவார்கள். காலையில் 'காய்', மாலையில் 'பழம்'. "அவ என்னோட பேச மாட்டேங்கறா" என்று பிள்ளை சாப்பிடாமல் படுத்தால் சிரிக்காதீர்கள். நமக்குக் கடன் கிடைக்காத அன்று எவ்வளவு கவலையோ, அதற்கு அவ்வளவு கவலை.

5. கேள்வி கேட்கும், கதைக்கு மயங்கும். விடுகதை, கடி ஜோக், பேய்க் கதை எல்லாம் பிடிக்கும். 'ஏன்' என்று கேட்கும். நம் ஆலங்காயம் பக்கத்தில், ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்கே வைணு பாப்பு வானாய்வு மையத்தில் 2.3 மீட்டர் அகலக் கண்ணாடி வைத்த பெரிய தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977-இல் கண்டுபிடித்தபோது, காவலூரிலிருந்து பார்த்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. "இவ்வளவு ஊர் இருக்க நம்ம மலையில ஏன் வெச்சாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டால், ராத்திரி வாசலில் நிற்க வைத்து வானத்தைக் காட்டுங்கள். டவுன் வெளிச்சம் இல்லாத இருட்டுதான் காரணம் என்று அதுவே சொல்லிவிடும். பதில் தெரியாவிட்டால், "எனக்கும் தெரியல, வா கேட்டுப் பாக்கலாம்" என்று சொல்வதில் வெட்கம் இல்லை.

6. மற்றவரோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒண்ணாவது படிக்கிற பிள்ளையைக் கேட்டால், "நான்தான் ஃபர்ஸ்ட்" என்று சொல்லும். நாலாவது படிக்கிற பிள்ளைக்குத் தெரியும், யார் நன்றாக வாசிக்கிறார்கள், தான் எங்கே நிற்கிறோம் என்று. "எனக்குக் கணக்கு வராது" என்ற வார்த்தை இந்த வயசில்தான் பிள்ளை வாயில் உட்காரும். உட்கார்ந்துவிட்டால் கிளப்புவது கஷ்டம்.

புது வாத்தியாரும் நாலாம் வகுப்பும்: பழைய கதை ஒன்று

நம் மருமகள் பட்ட பாடு புதிது இல்லை. குஜராத் மாநிலத்தில் பாவ்நகரில் ஜிஜுபாய் பதேகா என்று ஒருவர் இருந்தார். வக்கீலாக இருந்தவர். அதை விட்டுவிட்டுக் குழந்தைகளுக்காகப் பள்ளி நடத்த வந்தார். 1920-இல் பாலர் பள்ளி தொடங்கினார். தன் அனுபவத்தை வைத்து 1932-இல் ஒரு கதைப் புத்தகம் எழுதினார். தமிழிலும் 'பகல் கனவு' என்ற பெயரில் வந்திருக்கிறது. அதில் வருவது ஒரு புது வாத்தியார். அவர் ஒரு வருஷம் சோதனை செய்து பார்க்கக் கேட்டு வாங்கும் வகுப்பு நாலாம் வகுப்புதான்!

முதல் நாள் அவர் நிறையத் திட்டத்தோடு போகிறார். எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லி ஒரு விளையாட்டு வைக்கிறார். பிள்ளைகள் கூச்சல் போட்டு, கேலி செய்து, வகுப்பையே கவிழ்த்துவிடுகிறார்கள். அவர் அடிக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். தலைமையாசிரியர் கோபப்படுகிறார். ராத்திரி முழுக்க யோசிக்கிறார். மறுநாள் வந்து கதை சொல்ல ஆரம்பிக்கிறார். வகுப்பு ஊசி விழுந்தால் கேட்கும் அளவுக்கு அமைதி. கதை நாள் கணக்கில் நீள்கிறது. கதைக்குப் பிறகு புத்தகம், விளையாட்டு, சுத்தம், நடிப்பு என்று மெல்ல மெல்லப் பாடத்துக்குள் கொண்டுபோகிறார். மற்ற வாத்தியார்கள், "இதெல்லாம் படிப்பா?" என்று சிரிக்கிறார்கள். அவரும் பல இடத்தில் தோற்கிறார், மாற்றிப் பார்க்கிறார்.

அமைதியாக இரு என்று சொல்லி அமைதி வரவில்லை. பிள்ளைக்குப் பிடித்தது எது என்று தெரிந்த பிறகுதான் வந்தது. இதைத்தான் அந்த அக்காவின் மருமகளிடம் சொன்னோம். "கதை சொன்னா பாடம் எப்ப நடத்தறது?" என்று கேட்டாள். "ஒரு வாரம் பாடம் நடத்திப் பாத்துட்டியேம்மா. இன்னொரு வாரம் இப்படிப் பாரு" என்றோம்.

அவள் அந்தத் தண்ணீர்ப் பையனிடம் வாசிக்கச் சொல்வதை நிறுத்தினாள். "உங்க ஆடு எத்தினி?" என்று கேட்டாள். பையன் முகம் மலர்ந்தது. பதினாலு ஆடு. ஒவ்வொன்றுக்கும் பேர். செவலை, கருப்பி, மோழை, சுட்டி. ரெண்டு கிடா விற்றது, ஒன்று ஆறாயிரம், தரகுக்கு இருநூறு போகக் கையில் வந்தது பதினோராயிரத்து எண்ணூறு என்று வாயாலேயே கணக்குச் சொன்னான். கணக்கு வராது என்று யார் சொன்னது? அவனுக்கு எழுதத்தான் வரவில்லை. மறுநாள் அவள் ஒரு அட்டையில் அந்த நாலு ஆட்டின் பேரையும் பெரிதாக எழுதிக்கொண்டு போனாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் முதலில் வாசித்த சொல் 'கருப்பி'.

புது டீச்சராகப் போகும் நம் பெண்களுக்கு

* முதல் வாரம் பாடத்தைவிடப் பிள்ளையைப் படியுங்கள். பேர், வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன விளையாட்டு பிடிக்கும், எதுக்குப் பயம். ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் போதும்.

* விதியை அவர்களையே போடச் சொல்லுங்கள். நாலைந்து விதி போதும். தப்பு செய்தால் என்ன என்பதையும் அவர்களே சொல்லட்டும். தாங்கள் போட்ட சட்டத்தைத் தாங்களே காப்பாற்றுவார்கள். நீங்களும் அதில் அடக்கம். நீங்கள் தாமதமாக வந்தால் உங்களுக்கும் அதே சட்டம்.

* பதினைந்து, இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை வேலையை மாற்றுங்கள். உட்கார்ந்து எழுதினால், அடுத்தது எழுந்து செய்கிற வேலை. பாண்டி கட்டத்தில் வாய்ப்பாடு எழுதித் தாவ வைக்கலாம்.

* எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்லி மானத்தை வாங்காதீர்கள். தடுமாறுகிற பிள்ளையைத் தனியாக, பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். இரண்டு இரண்டு பேராக ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டச் சொல்லலாம்.

* ஆட்டம் போடுகிற பிள்ளைக்குப் பொறுப்பு கொடுங்கள். பாய் விரிப்பது, வருகை எடுப்பது, சாக்பீஸ் கொடுப்பது. நம் குழுவில் அதிகம் பேசுகிறவரைத்தானே வங்கிக்கு அனுப்புகிறோம்!

* பாராட்டும்போது கவனம். 1998-இல் அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இருவர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு ஆய்வு செய்தார்கள். புதிர் போட்டு முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள். சிலரிடம் "நல்லா முயற்சி பண்ணினே" என்றார்கள். அடுத்துக் கஷ்டமான புதிர் கொடுத்தபோது, புத்திசாலி என்று பேர் வாங்கிய பிள்ளைகள் சீக்கிரம் சோர்ந்தார்கள். முயற்சிக்குப் பாராட்டு வாங்கியவர்கள் தொடர்ந்து போட்டுப் பார்த்தார்கள். அதனால், "நேத்து ரெண்டு வரி, இன்னைக்கு நாலு வரி வாசிச்சுட்டியே" என்று சொல்லுங்கள்.

* கவனிக்காத பிள்ளைக்குக் கண், காது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பலகையைச் சுருக்கிப் பார்க்கிறதா? கூப்பிட்டால் ஒரு பக்கம் மட்டும் திரும்புகிறதா? அப்படியானால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். பசியா, தூக்கம் இல்லையா என்றும் கேளுங்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாத பிள்ளைக்குப் பாடம் ஏறாது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் கிராமங்களில் சமைப்பது நம் சுய உதவிக் குழுப் பெண்கள்தான். அந்த உப்புமாவும் பொங்கலும் படிப்பில் ஒரு பங்கு.

அடித்தால் படியுமா?

"ரெண்டு போட்டாதான் அடங்கும்" என்று நாமே சொல்வோம். அடித்தால் அந்த நிமிஷம் அடங்கும், உண்மை. ஆனால் பிள்ளை கற்றுக்கொள்வது பாடத்தை இல்லை, மறைப்பதை. தண்ணீருக்குப் போன பையன் அடுத்தது பள்ளிக்கே வராமல் போவான்.

சட்டமும் அதையேதான் சொல்கிறது. இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-ஆவது பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடை செய்கிறது. 'மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்று சொல்வதும் இதில் சேரும். ஆடு மேய்க்கிற பிள்ளைக்கு எவ்வளவு கணக்கு தெரியும் என்றுதான் மேலே பார்த்தோமே!

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா என்ன செய்யலாம்?

"நானே கைநாட்டு. நான் என்ன சொல்லித் தர?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். சிலர் காலை ஏழு மணிக்கே ஷூ கம்பெனி வண்டி ஏறிவிடுகிறீர்கள். உங்களால் முடிகிறதைத்தான் சொல்கிறோம்.

* தினமும் பத்து நிமிஷம் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சமைத்துக்கொண்டே கேட்கலாம். முடித்ததும், "இன்னா கதை? எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். சொல்ல முடிந்தால் புரிந்திருக்கிறது. கிளிப்பிள்ளை மாதிரி வாசித்துவிட்டு விழித்தால், புரியவில்லை. இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை.

* வாழ்க்கையையே பாடப் புத்தகம் ஆக்குங்கள். பஸ் பலகை, ரேஷன் பில், மாத்திரை அட்டையில் உள்ள தேதி, உங்கள் குழுப் பாஸ் புத்தகம். "நூத்துக்கு மாசம் ஒரு ரூபா வட்டின்னா, அஞ்சாயிரத்துக்கு எவ்ளோ?" என்று கேளுங்கள். ஐம்பது நூறு, அதனால் ஐம்பது ரூபாய் என்று நாலாம் வகுப்புப் பிள்ளை சொல்ல வேண்டும். சொன்னால் உங்கள் கணக்குக்கும் ஒரு துணை ஆச்சு.

* உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுங்கள். விடுகதை, ஆயா சொன்ன கதை, பல்லாங்குழி, தாயம், சாமை அளக்கிற விதம். பல்லாங்குழியில் இல்லாத கூட்டல் கழித்தல் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

* மற்ற பிள்ளையோடு ஒப்பிட்டுத் திட்டாதீர்கள். ஒப்பிடுகிற வேலையை அதுவே ராத்திரி பகலாகச் செய்துகொண்டிருக்கிறது.

* பெண் பிள்ளைக்கு நாலாவது வந்ததும் வீட்டு வேலை கூடும். தம்பியைப் பார்த்துக்கொள்வது, தண்ணீர் எடுப்பது. வேலை செய்யட்டும், தப்பில்லை. ஆனால் படிக்கிற அந்த ஒரு மணி நேரத்தில் கூப்பிடாதீர்கள்.

குழு என்ன செய்யலாம்?

கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நம் உறுப்பினர்கள் அதில் இருக்கிறார்கள். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல், "நாலாவது பசங்க எத்தினி பேரு தானா வாசிக்கறாங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ள. டீச்சருக்கும் அது பலம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த ஐந்து பிள்ளைகளில் ஒரு பெண் பிள்ளை, நன்றாகப் பேசும், நன்றாக வாசிக்கும். பொங்கலுக்குப் பிறகு வரவில்லை. அம்மா அப்பாவோடு வேலைக்கு வெளியூர் போய்விட்டது. எந்த ஊர், அங்கே பள்ளியில் சேர்ந்ததா என்று நாங்கள் விசாரித்தபோது இரண்டு மாசம் ஓடிவிட்டது. ஆட்டம் போட்ட பிள்ளையைப் பற்றிக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசிய நாம், சத்தம் போடாத பிள்ளை காணாமல் போனதைக் கவனிக்கவில்லை. அது நம் தவறு. அதன் பிறகுதான், வாராந்திரக் கூட்டத்தில் சேமிப்பு வாங்கி முடித்ததும் ஒரு கேள்வி கேட்பது என்று தீர்மானம் போட்டோம்: "இந்த வாரம் எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகல? ஏன்?"

குடும்பத்தோடு வெளியூர் போகிறவர்கள், போகிற ஊரில் உள்ள அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று சேர்க்காமல் இருக்கச் சட்டத்தில் இடமில்லை. பள்ளி சம்பந்தமான உதவிக்கு 14417, பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. இரண்டு எண்ணையும் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அந்தப் பையன் என்ன ஆனான்?

வருஷக் கடைசியில் ஒரு சின்னப் பத்தியை மெதுவாக, விரல் வைத்து வாசித்தான். எழுத்துப் பிழை நிறைய. இரண்டு இலக்கப் பெருக்கல் இன்னும் தகராறுதான். ஐந்து மாசத்தில் இரண்டு வருஷத்தை முழுசாகப் பிடிக்க முடியாது. ஆனால் வாசிக்கும் முறை வந்தபோது அவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகவில்லை. இப்போது பெரிய பள்ளிக்குப் போய்விட்டான். ஆடும் மேய்க்கிறான்.

மருமகள் நிறுத்தவில்லை. அந்த அக்கா அடுத்த கூட்டத்தில் சொன்னார்: "இப்ப அழுதுகினு வரல. ராத்திரி என்னையே கதை கேக்குது, நாளைக்குப் பசங்களுக்குச் சொல்லணும்னு."

உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் நாலாவது படிக்கிற பிள்ளை இருக்கிறதா? இன்று மாலை அதனிடம் மார்க் எவ்வளவு என்று கேட்காமல், "உனக்கு இன்னா புடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். அது சொன்னதை அடுத்த குழுக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் நமக்கு எழுதி அனுப்புங்கள். தெரியாதவர்கள், அந்தப் பிள்ளையையே எழுதச் சொல்லி அனுப்புங்கள்!